சலவைக்காரரின் புருவம்

வெண்டெல் கிராப்ட்ரீக்கு ஒரு கோட்டை ஒரே கோடாகப் போடத் தெரியாது. மூக்குக்கு ஆறு கோடு போடுவார், காதுக்கு எட்டு. ஆட்டின் வால் என்றால் சொல்லவே வேண்டாம், கோழி கிளறிவிட்ட வைக்கோல் மாதிரி இருக்கும். கார்ட்டூன் படக் கம்பெனியின் மாடியில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கிறுக்கித் தள்ளிக் கட்டுக் கட்டாகக் கீழே அனுப்பிவிடுவார். கீழே மை அறையில் நாலு பெண்கள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அந்தக் காகிதத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்து, எது மூக்கு, எது வெறும் கிறுக்கல் என்று கண்டுபிடித்து, மையால் ஒரே கோடாக இழுப்பது அவர்கள் வேலை. முன்பெல்லாம் கிறுக்கலைச் சுத்தமாகத் திருப்பி வரைந்து தர நடுவில் ஓர் ஆள் இருந்தான். செலவு மிச்சம் என்று அவனை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. அவன் பாரமும் பெண்கள் தலையில் விழுந்தது, சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

நால்வரில் இளையவள் எட்னா குவான். வயது இருபத்திரண்டு. 1936ஆம் வருஷத்து லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சீனத்துப் பெண்ணைக் கார்ட்டூன் கம்பெனியில் மேஜை போட்டு உட்கார வைப்பது என்பது லேசுப்பட்ட காரியமில்லை. அவள் கை அப்படி. மயிரிழை போல ஆரம்பித்து, வளைவில் தடித்து, மறுபடி மயிரிழையாக முடியும் கோடு. அந்தக் கோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு அறைத் தலைவி மிஸ் ஹோல்ம்க்விஸ்ட், "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு" என்றாள். வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை.

எட்னாவின் அப்பா குவான் ஹிங்குக்கு ஒன்பதாம் தெருவில் சலவைக் கடை. மகள் என்ன வேலை செய்கிறாள் என்பது அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. "ஆட்டுக்கு மை தீட்டறாளாம், அந்த ஆடு நடக்குதாம்" என்று பக்கத்து மூலிகைக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு ஓர் அங்குலம் நிமிரும்.

அவர் சினிமாவுக்குப் போய் மூன்று வருஷம் இருக்கும். கடைசியாகப் போன அன்று படத்துக்கு முன்னால் ஒரு கார்ட்டூன் ஓடியது. அதில் ஒரு சீனன் வந்தான். முன்பற்கள் கதவு போல நீட்டிக்கொண்டிருந்தன, கண் இருந்த இடத்தில் இரண்டு கீறல். அவன் குதித்தான், விழுந்தான், கத்தினான். கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. குவான் ஹிங் கையிலிருந்த வறுத்த விதைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டார். எட்னா பின்னாலேயே ஓடிவந்தாள். அதற்கப்புறம் சினிமா என்ற பேச்சை எடுத்தால், "கடையில வேலை இருக்கு" என்பதோடு சரி.

அப்பேர்ப்பட்ட மனுஷரைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராச்சாப்பாட்டின்போது எட்னா மடக்கிப் பிடித்தாள்.

"அப்பா, அடுத்த படத்துல முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் என் கை இருக்கும். அக்டோபர் கடைசி சனிக்கிழமை மெயின் தெருக் கொட்டகையில போட்டுப் பார்ப்பாங்க. நீங்க வரணும்."

"சனிக்கிழமை துணி வாங்க ஆள் வருவாங்க."

"ஒரே ஒரு மதியம்பா. ஏழு நிமிஷப் படம்."

அவர் உப்பு மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "சரி" என்றார். மறுநாள் காலை கடை வாசலில் ஓர் அட்டை தொங்கியது: அக்டோபர் முப்பத்தொன்று, மதியம் விடுமுறை. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கடை சனிக்கிழமை மூடியதே இல்லை. தெரு முழுக்க விசாரித்தது. தெரு முழுக்கப் பதிலும் போய்ச் சேர்ந்தது.

அன்று காலை எட்டரைக்கு மை அறைக்குப் புதுக் கட்டு இறங்கியது. ஆடு நடிக்கும் படம். ஆட்டின் பெயர் கிளெம், கம்பெனிக்குச் சோறு போடுவதே அந்த ஆடுதான். எதைக் கண்டாலும் தின்னும். இந்தத் தடவை அது போய் நுழைகிற இடம் ஒரு சலவைக் கடை. கடைக்காரர் யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார், சீனர்தான். சட்டை சட்டையாக ஆடு தின்கிறது, அவர் துரத்துகிறார், விழுகிறார், எழுகிறார், மறுபடி விழுகிறார். பேச்சு கிடையாது, பாட்டும் சத்தமும்தான்.

எட்னா முதல் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தாள். நீட்டிய பல், கீறல் கண், பருந்து மாதிரி நகம். கடை வாசலில் தொங்கும் அட்டைதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

பக்கத்து மேஜை கொன்சுவேலோ எட்டிப் பார்த்தாள். பாயில் ஹைட்ஸ் பேட்டையில் வளர்ந்த மெக்சிகோக்காரி, வாய் சும்மா இருக்காது.

"அடியே, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? ஓ, இதுவா!" காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "போன படத்துல எங்காளு வந்தான் ஞாபகம் இருக்கா? பெரிய தொப்பியைக் கவுத்துக்கிட்டுக் கள்ளிச் செடி கீழே தூங்கினவன். நூத்தித் தொண்ணூறு தாள் நானே இழுத்தேன். நூத்தித் தொண்ணூறுலயும் தூங்கினான்டி. உங்காளாவது வேலை செய்யறான்."

எட்னாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "எங்கப்பா வராருடி. கடையைச் சாத்திட்டு வராரு."

கொன்சுவேலோ வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடுவது வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கும். கூடையிலிருந்து சோளமாவில் வேகவைத்த ஒரு தமாலே எடுத்து எட்னாவின் மேஜையில் வைத்தாள். அவள் வீட்டில் துக்கம் விசாரிக்கிற முறை அது.

அழுதுகொண்டே எவ்வளவு நேரம் உட்கார முடியும்? கட்டு அப்படியே கிடக்கிறது. எட்னா அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜைமேல் காகிதத்தை விரித்தாள். கிராப்ட்ரீயின் வழக்கமான நூல்கண்டு. எந்தக் கோட்டை எடுப்பது என்று குனிந்து தேடியவள், தேடியபடியே நின்றுவிட்டாள்.

கீறல் கண்ணுக்கு அடியில் இன்னொரு கண் இருந்தது.

சாதாரணக் கண். இமை, கருவிழி, ஓரத்தில் இரண்டு சுருக்கம். அதன்மேல்தான் கீறலைப் போட்டு அழுத்தியிருந்தார். வாயும் அப்படியே. முதலில் போட்டது ஓர் ஒழுங்கான வாய், மூடின உதடு, வேலை மும்முரத்தில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட வாய். அதற்கப்புறம்தான் பல்லை ஒட்டியிருக்கிறார். நகத்துக்கு அடியில் விரல்கள் இருந்தன, வேலை செய்து தடித்த விரல்கள். எட்னா பத்துக் காகிதம் புரட்டினாள், இருபது புரட்டினாள். எல்லாவற்றிலும் அந்த ஆள் இருந்தார். மனுஷர் முதலில் ஒரு மனுஷரைத்தான் வரைந்திருக்கிறார், அப்புறம் அதன்மேல் பொம்மை முகத்தைக் கவிழ்த்திருக்கிறார். எல்லாம் கிராப்ட்ரீயின் கைதான். எந்தக் கோட்டை எடுப்பது என்பது மட்டும்தான் மை இழுக்கிறவள் பாடு.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரே ஆளை நாலு பெண்கள் இழுத்தால் நாலு மூஞ்சி வந்து நிற்கும் அல்லவா? அதனால் புதிதாக ஒரு பாத்திரம் வந்தால், முதல் தாளை ஒருத்தி இழுப்பாள். மிஸ் ஹோல்ம்க்விஸ்ட் அதைப் பார்த்துச் சரி என்றால் சுவரில் குத்தி வைப்பாள். அதற்கப்புறம் எல்லோரும் அதைப் பார்த்தே கோட்டைப் பொறுக்க வேண்டும். முதல் தாளை இழுக்க எவளும் முன்வர மாட்டாள். பின்னால் ஏதாவது தப்பு என்று வந்தால் ஆயிரம் தாளையும் திருப்பி இழுக்கிற பழி அவள் தலையில்தான் விடியும்.

"முதல் தாள் யாரு?" மிஸ் ஹோல்ம்க்விஸ்ட் கேட்டாள். ஸ்வீடன் நாட்டுக்காரி, ஆறடி உயரம், சிரித்து யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் குனிந்து பேனா முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எட்னா கையைத் தூக்கினாள்.

"நீயா? தெரிஞ்சுதான் தூக்கறியா?"

"தெரிஞ்சுதான் மிஸ்."

ஒரு மணி நேரம் ஆயிற்று. சாதாரணமாகப் பத்து நிமிஷத்து வேலை. முடித்த தாளை மிஸ் ஹோல்ம்க்விஸ்ட் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு கீழே இருந்த காகிதத்தைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"இங்கே என்ன விதி?"

"பென்சில் கோடு இல்லாத இடத்துல மைக் கோடு போடக்கூடாது மிஸ்."

"நீ போட்டிருக்கியா?"

"இல்லை. வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தாள். பூதக்கண்ணாடி எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு மைக் கோட்டுக்கு அடியிலும் ஒரு பென்சில் கோடு இருந்தது. ஒன்று கூடப் பிசகவில்லை. பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தபோது அவள் உதட்டோரம் ஏதோ துடித்தது மாதிரி இருந்தது.

"எங்க ஊர்க்காரனைப் படத்துல போட்டா, வாயில ஈ நுழையறது கூடத் தெரியாம நிக்கிற தடியனாத்தான் போடுவாங்க" என்றாள் யாரிடமோ சொல்வது போல. பிறகு குண்டூசி எடுத்துத் தாளைச் சுவரில் குத்தினாள். "இதைப் பார்த்துப் பொறுக்குங்க எல்லாரும். பேச்சு வேண்டாம், வேலை நடக்கட்டும்."

ஐந்து வாரம் நடந்தது வேலை. ஆயிரத்து நானூறு தாள். கொன்சுவேலோ ஒவ்வொரு தாள் முடிக்கும்போதும், "வாங்க தொரை, உங்க பல்லைக் கழட்டி வச்சுட்டு வாங்க" என்று வரவேற்பாள். மாடிக்காரர்கள் மை அறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. கீழே பொம்பளைங்க ஏதோ கோடு இழுக்கிறார்கள் என்பதோடு அவர்கள் அக்கறை தீர்ந்தது. அந்த அலட்சியத்துக்கு எட்னா தினமும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

கொட்டகைக்குப் போவதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, கம்பெனிக்குள்ளேயே படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். எட்னா கடைசி வரிசையில் கொன்சுவேலோவின் கையை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஆடு கடைக்குள் நுழைந்தது. சலவைக்காரர் திரும்பினார்.

முன்வரிசையிலிருந்து கிராப்ட்ரீ எழுந்தே விட்டார். "யாரு இவன்?"

சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, போகிற ஆட்டையும் அதன் வாயில் தொங்குகிற சட்டைக் கையையும் பார்த்தார். பிறகு இடது புருவத்தை மட்டும் மெல்லத் தூக்கினார்.

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த சட்டை போயிற்று. மறுபடி அந்தப் புருவம். இந்தத் தடவை நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் திரையைப் பார்த்தார்கள், கிராப்ட்ரீயைப் பார்த்தார்கள், மறுபடி திரையைப் பார்த்தார்கள்.

விளக்கு எரிந்ததும் கிராப்ட்ரீ கத்தினார். "என் படத்தை யாரு மாத்தினது? நான் பல்லு போட்டேன்! பல்லு எங்கே?"

"கீழே வாங்க" என்றாள் மிஸ் ஹோல்ம்க்விஸ்ட்.

மை அறையில் விளக்கு மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. காகிதத்தையும் தாளையும் வைத்துக் காட்டியவள் எட்னாதான்.

"எல்லாம் உங்க கோடுதான் மிஸ்டர் கிராப்ட்ரீ. நான் ஒண்ணும் சேர்க்கலை. ஒரு கண்ணுக்கு நீங்க ஏழு கோடு போட்டிருந்தீங்க, அதுல முதல் ரெண்டை எடுத்தேன்."

"சீனன்னா பல்லும் கீறலுமாத்தானேம்மா போடணும்? எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தானே போடறாங்க?"

"நீங்க முதல்ல அப்படிப் போடலியே."

கிராப்ட்ரீ குனிந்து பார்த்தார். கெட்டவர் இல்லை அவர், யோசிக்காதவர், அவ்வளவுதான். குனிந்தவர் நிமிரவே இல்லை. பக்கத்தில் நின்ற மிஸ் ஹோல்ம்க்விஸ்ட் கேட்டாள்:

"வெண்டெல், இந்தப் படத்தை வரையும்போது கண்ணாடி பார்த்தியா?"

படம் வரைகிறவர்கள் எல்லோர் மேஜையிலும் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். கோபப்பட்டு, சிரித்து, முழித்துக் கண்ணாடியில் பார்த்துத்தான் பாத்திரத்துக்கு முகபாவம் போடுவார்கள்.

"பார்த்தேன். எப்பவும் பார்ப்பேன். அதுக்கென்ன?"

"இடது புருவத்தைக் கொஞ்சம் தூக்கு."

அவர் அறியாமலே தூக்கினார். அவ்வளவுதான், அறை வெடித்தது. காகிதத்தில் இருந்தது அதே புருவம். அதே ஓரச் சுருக்கம். வேலை மும்முரத்தில் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் அதே வாய். கண்ணாடியைப் பார்த்து வரைந்தவர் தன்னையே வரைந்து வைத்துவிட்டு, அதன்மேல் சீனன் என்று பல்லைப் போட்டிருக்கிறார். ஆயிரத்து நானூறு தடவை.

மிஸ் ஹோல்ம்க்விஸ்ட் சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அந்த ஆறடியும் குலுங்கச் சிரித்தாள். அதைப் பார்த்து மற்றவர்களுக்கு இன்னும் சிரிப்பு.

கிராப்ட்ரீயின் காது சிவந்துவிட்டது. "போதும், போதும்!" என்றார். எட்னாவைப் பார்த்து விரலை நீட்டினார். "நாளைக்குக் கொட்டகையில ஜனங்க சிரிக்கணும். நான் எண்ணப் போறேன். சிரிக்கலைன்னா, திங்கட்கிழமை நீ இந்தப் பக்கம் வர வேண்டாம்."

அன்று எட்னாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. தன் நல்ல கோட்டுச் சட்டையைத் தானே தேய்த்து மாட்டி வைத்திருந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. முகத்தை மாற்றியாயிற்று, சரி. கதையை யார் மாற்றினார்கள்? திரையில் அந்த ஆள் விழத்தான் போகிறார். ஊர் சிரிக்கத்தான் போகிறது. ஊர் சிரித்தால் அவள் வேலை நிலைக்கும். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டு அப்பா மறுபடி எழுந்து போய்விட்டால், அப்புறம் அந்த வேலையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

சனிக்கிழமை மெயின் தெருக் கொட்டகையில் குழந்தைகள் கூட்டம் அலைமோதியது. டிக்கெட் கொடுத்தவன் குவான் ஹிங்கைப் பார்த்ததும், "மாடிக்குப் போங்க" என்றான். சீனர்களைக் கண்டால் அது அவன் வழக்கம். மாடியில் மூலிகைக் கடைக்காரர், மளிகைக்காரர், சீனச் சங்கத்து ஆட்கள் என்று ஒன்பதாம் தெருவே உட்கார்ந்திருந்தது. கீழே நடுவரிசையில் கிராப்ட்ரீ மடியில் அட்டையும் பென்சிலுமாக இருந்தது மேலிருந்து நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு கோடு போட வேண்டும், அதுதான் கணக்கு.

விளக்கு அணைந்தது. கிளெம் ஆடு துள்ளி வந்தது. குழந்தைகள் கத்தினார்கள். ஆடு சலவைக் கடைக்குள் தலையை நீட்டியது.

எட்னா திரையைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் கை சட்டைப்பைக்குப் போய், வழியில் வாங்கிய விதைப் பொட்டலத்தைத் தொட்டபடி நின்றிருந்தது.

சலவைக்காரர் திரும்பினார்.

முதல் சட்டை போயிற்று. புருவம் ஏறியது. கீழே ஒரு குழந்தை கெக்கலி கொட்டியது. இரண்டாவது சட்டைக்குப் பத்துப் பேர். மூன்றாவதற்குக் கொட்டகை பாதி. நாலாவது சட்டையை ஆடு எடுக்கப்போகும்போதே ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், புருவம் வரப்போகிறது என்று தெரிந்துபோயிற்று அவர்களுக்கு. ஒரு பையன் எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கத்தினான்: "ஐயா, பின்னாடி பாருங்க! ஆடு பின்னாடி இருக்கு!"

எட்னாவுக்கு உடம்பு சிலிர்த்தது. எந்தக் கொட்டகையிலும் எந்தக் குழந்தையும் ஒரு கார்ட்டூன் சீனருக்குத் துணைக்கு வந்து அவள் பார்த்ததில்லை. அவர் விழுந்தபோது "ஐயோ" என்றார்கள், எழுந்தபோது கைதட்டினார்கள். கடைசியில் ஆடு கஞ்சித் தொட்டியில் விழுந்து பலகை மாதிரி விறைத்துப் போனது. சலவைக்காரர் அதைத் தூக்கி இரண்டு பெஞ்சுக்கு நடுவே படுக்க வைத்தார். அதன் முதுகில் ஒரு சட்டையை விரித்தார். சாவகாசமாகத் தேய்க்க ஆரம்பித்தார். ஆடு முழித்தது. கொட்டகைக் கூரை பறந்தது.

கிராப்ட்ரீ குனிந்து கோடு போட்டுக்கொண்டே இருந்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றுக்கு ஒரே கோடு.

மாடியில் மூலிகைக் கடைக்காரர் வேஷ்டி அவிழ என்பார்களே, அப்படிச் சிரித்தார், அவர் போட்டிருந்தது கால்சட்டை என்றாலும். சங்கத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். குவான் ஹிங் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தடவை கூட. நெற்றியைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தும் போகவில்லை. அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

வாசலில் கிராப்ட்ரீ அட்டையை ஆட்டிக்கொண்டு வந்தார். "முப்பத்தொண்ணு! ஏழு நிமிஷத்துல முப்பத்தொரு சிரிப்பு! ஆட்டுக்கு ஒன்பதுதான், பாக்கியெல்லாம் அந்தாளுக்கு!" எட்னாவைப் பார்த்ததும் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார். "திங்கட்கிழமை வந்துடும்மா. எட்டு மணிக்கு. முதல் தாள் இனிமே நீயே இழு."

எட்னா அப்பாவை முன்னால் இழுத்துவிட்டாள். "இவர் எங்கப்பா" என்றாள்.

"வணக்கம் சார், படம் பிடிச்சுதா?" கிராப்ட்ரீ கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கும்போது, அவர் சுபாவப்படி இடது புருவத்தைத் தூக்கினார்.

குவான் ஹிங் அந்தப் புருவத்தைப் பார்த்தார். முகம் சட்டென்று தெளிந்தது.

"ஓ! நீங்கதானா!" என்றார், வாடிக்கையாளர்களிடம் பேசுகிற தன் இங்கிலீஷில். "உங்களைப் பார்த்துத்தான் வரைஞ்சிருக்காங்க. நிஜ ஆளோட மூஞ்சியா இருக்கே, யாரோன்னு படம் முழுக்க மண்டையை உடைச்சுக்கிட்டேன். சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க சட்டைக் கையை முதல்ல தேய்க்கறீங்க."

"நானா?"

"நீங்கதான். ஒன்பது சட்டை தேய்ச்சீங்க, ஒன்பதுலயும் கைதான் முதல். காலரை முதல்ல தேய்க்கணும் சார். அப்புறம் தோள், அப்புறம்தான் கை. இல்லேன்னா காலர் சுருங்கிடும், வாங்கறவன் திருப்பிக் கொண்டாந்து போடுவான். கஞ்சியும் ரொம்பக் கெட்டி. ஆடே விறைச்சுப் போச்சு பாருங்க, சட்டை என்னத்துக்கு ஆகும்?"

கிராப்ட்ரீ குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். கை தன்னையறியாமல் தன் காலரைத் தடவியது. காலர் சுருங்கித்தான் இருந்தது.

"காலர் முதல்ல" என்றார் மெதுவாக. அட்டையைத் திருப்பி அதன் முதுகில் எழுதிக்கொண்டார். "அடுத்த படத்துல சரி பண்ணிடறேன் சார்."

"பண்ணுங்க. சந்தேகம் வந்தா ஒன்பதாம் தெருவுக்கு வாங்க, காட்டித் தரேன்."

டிராமுக்கு நடக்கும்போது எட்னா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்பா கடைசியாக அந்தப் பொட்டலத்தைப் பிரித்து விதையைக் கொறித்துக்கொண்டு வந்தார்.

"அந்தாளுக்கு வேலை அவ்வளவா தெரியலை" என்றார் கொஞ்ச தூரம் போனதும். "ஆனா பொறுமைசாலி. ஒன்பது சட்டை போயும் ஆட்டை ஓர் அடி அடிக்கலையே. நல்ல மனுஷன்."

எட்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரைச் சொல்றீங்கப்பா? படத்துல இருந்தவரையா, வாசல்ல நின்னவரையா?"

குவான் ஹிங் நின்று, மகளுக்கு என்ன ஆயிற்று என்பது போலப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே ஆள்தானே?" என்றார்.